‘மிரர் ரீப்பர்’ கேட்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பெல் விட்ச் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் ‘மிரர் ரீப்பர்’ ஆல்பத்தை நண்பர்களுக்கு அனுப்புவது என் வழக்கம். கேட்டவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், கேட்கவே பயந்தவர்கள் என எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மெட்டல்னாலே வேகமும் கூச்சலும்தானே? இதுல டூம் மெட்டல்னு தனியா என்ன இருக்கு?

மெட்டல் பிறந்ததே மெதுவான ஒரு பாட்டில்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிளாக் சப்பாத் 1970 பிப்ரவரியில் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் முதல் பாட்டு மழை, இடி, தேவாலய மணியோசையோடு தொடங்கி, மூன்றே சுரங்களில் ஊர்ந்து நகரும். கிட்டார் வாசித்த டோனி அயோமிக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலை வேலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. விரல்களில் உறை மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறையட்டும் என்று பின்னாளில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். மெட்டலின் கனத்துக்கு அந்தத் தளர்ந்த கம்பிகளும் ஒரு காரணம்.

எண்பதுகளில் மற்றவர்கள் வேகத்தைத் துரத்தியபோது, சப்பாத்தின் அந்த நிதானத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் இசைதான் டூம் மெட்டல். டூம் என்றால் அழிவு, கெடுவிதி. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே டூம் வந்துவிட்டது.

ஃபியூனரல் டூம்னு இன்னொண்ணு சொல்றீங்களே, அது இதை விட மோசமா?

மோசம் இல்லை, இன்னும் மெதுவானது. டூம் மெட்டலின் நிதானத்தையும் டெத் மெட்டல் என்ற முரட்டு வகையின் உறுமல் குரலையும் சேர்த்து, சவ ஊர்வலத்தின் நடைக்கு இறக்கினால் கிடைப்பது இது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் பின்லாந்தில் உருப்பெற்றது. தெர்கோத்தான் குழுவின் ஒரே ஆல்பம் 1994இல் வந்தது, அப்போது குழுவே கலைந்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஸ்கெப்டிசிசம் குழு, தேவாலயத்தில் ஒலிப்பது போன்ற ஆர்கனைக் கிட்டாருக்குச் சமமாக முன்னால் நிறுத்தி ஓர் ஆல்பம் செய்தது. மேடையில் அவர்கள் இறுதிச் சடங்குக்குப் போவது போலவே கோட் சூட் அணிந்துதான் நிற்பார்கள்.

பாட்டுகள் பத்து, பதினைந்து நிமிடம் போவது இங்கே சாதாரணம். இரண்டு டிரம் அடிகளுக்கு நடுவில் ஒரு முழு மூச்சு விடலாம்.

சரி, ‘மிரர் ரீப்பர்’ யாரோடது? எப்ப வந்தது?

பெல் விட்ச், சியாட்டல் நகரத்துக் குழு. ஆட்கள் எப்போதும் இருவர்தான். டிலன் டெஸ்மண்ட் பேஸ் கிட்டார், ஏட்ரியன் குவெரா டிரம்ஸ் என்று 2010இல் தொடங்கினார்கள். ‘லாங்கிங்’ (2012), ‘ஃபோர் ஃபேன்டம்ஸ்’ (2015) என்ற இரண்டு ஆல்பங்களில் இருவரும் வாசித்தார்கள், பாடினார்கள். 2015இல் குவெரா விலகினார், ஜெஸ்ஸி ஷ்ரைப்மன் டிரம்ஸுக்கு வந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் குவெரா இறந்துபோனார். அப்போது அடுத்த ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆல்பம்தான் ‘மிரர் ரீப்பர்’. 2017 அக்டோபரில் கனடாவின் ப்ரொஃபவுண்ட் லோர் நிறுவனம் வெளியிட்டது. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் பில்லி ஆண்டர்சன். அட்டை ஓவியம் போலந்தைச் சேர்ந்த மரியூஸ் லெவன்டோவ்ஸ்கியுடையது.

ஒரே பாட்டு 83 நிமிஷமா? தெரியாமத்தான் கேக்கறேன், அதைப் பத்துப் பாட்டா வெட்டியிருக்கக் கூடாதா?

ஆமாம், ஒரே பாட்டு. ஒரு சிடியில் ஏறக்குறைய 80 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் இது இரண்டு சிடியாக வந்தது. இணையத்தில் சில இடங்களில் 48 நிமிடம், 35 நிமிடம் என்று இரு பாகமாகக் கிடைக்கும். ‘மேலே எப்படியோ கீழேயும் அப்படியே’ என்ற பழைய ஹெர்மெட்டிக் மறைஞான வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து அந்தப் பாகங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி என்பது எண்ணம். தலைப்பில் கண்ணாடி வருவதும் அதனால்தான்.

வெட்டியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கேட்பவருக்கு வெளியே போக ஒரு கதவு கிடைத்துவிடும். இங்கே அந்தக் கதவு இல்லை. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) நான்கு நிமிடம் நீடிக்கிறது. முதல் முறை வரும்போது அதைக் கவனிக்கிறோம், மூன்றாம் முறை அலுக்கிறது, ஆறாம் முறை அந்த அலுப்பு போய் நம் மூச்சு அதன் தாளத்துக்கு இறங்கியிருக்கும். இந்த ஆல்பம் மனதைப் பிசைவதற்கு முதல் காரணம் இந்தக் கால அளவுதான் என்பது என் உறுதியான கருத்து. சோகமான மெட்டுகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. சோகத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய இசை குறைவு.

கிட்டாரே இல்லைங்கறாங்க. அப்ப அந்தப் பெரிய சத்தம் எங்கேருந்து வருது?

டெஸ்மண்டின் ஆறு கம்பி பேஸிலிருந்து. வழக்கமான பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பி. கூடுதல் இரண்டில் ஒன்று கீழ் சுருதிக்கும் மற்றது மேல் சுருதிக்கும் இடம் தருகிறது. அவர் இரண்டு கைகளாலும் கம்பிகளை விரல் பலகையின் மேலேயே தட்டி வாசிப்பார். ஒரு கை அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது மெட்டைச் சொல்லும். அதனால் இரண்டு மூன்று கருவிகள் சேர்ந்து ஒலிப்பது போலத் தோன்றும். சில இடங்களில் ஷ்ரைப்மன் ஹாமண்ட் என்ற மின் ஆர்கனும் சேர்க்கிறார்.

ஆனால் சத்தத்தை விட அது அடங்குவதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பேஸ் தனியாக ஒரு சுரத்தை எழுப்புகிறது. உடனே அடுத்ததற்குத் தாவுவதில்லை. சுரம் மெல்லத் தேய்கிறது, கம்பியின் அதிர்வு கரகரக்கிறது, ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) இரைச்சல் மட்டும் மிஞ்சும் நேரத்தில் அடுத்த சுரம் விழுகிறது. டிஸ்டார்ஷனும் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது) டிரம்ஸும் சேர்ந்து இறங்கும்போதும் இதே கதைதான். ஓர் அடி, சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலி முழுதாக ஓயும்வரை காத்திருப்பு, பிறகு மறு அடி. ஒவ்வொரு ஒலியும் நம் காதருகிலேயே பிறந்து மறைகிறது. இழப்பைப் பற்றிய ஆல்பத்துக்கு இதை விடப் பொருத்தமான வாசிப்பு முறை எனக்குத் தெரியாது.

உறுமறாங்க. ஒரு வார்த்தை புரியல. புரியாத பாட்டுக்கு எப்படிங்க கண்ணு கலங்கும்?

வரிகள் எழுத்தில் கிடைக்கின்றன, வாசிக்கலாம். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, ஏனென்றால் வரிகளை வாசிக்காமலேயே பலருக்குக் கலங்குகிறது. இந்த உறுமலில் சொற்கள் நீள்கின்றன. ஓர் அசையே பல விநாடி இழுபடும். அப்போது அது பேச்சு என்ற நிலையிலிருந்து நகர்ந்து, வெளியே வரும் மூச்சாகிவிடுகிறது. டெத் மெட்டலில் உறுமல் பெரும்பாலும் தாக்குதல். இங்கே தாக்கப்பட்டவரின் குரல்.

இறந்தவரோட குரலே இதுல இருக்குன்னு கேள்விப்பட்டேன். நிஜமா? எந்த இடம்?

நிஜம். ‘ஃபோர் ஃபேன்டம்ஸ்’ ஆல்பத்துக்காக குவெரா பாடிப் பயன்படுத்தப்படாமல் மிஞ்சிய குரல் பதிவுகள் இருந்தன. அவற்றை எடுத்து இந்தப் பாட்டின் நடுவில் வைத்தார்கள். அந்தப் பகுதிக்கு ‘இறந்தவரின் சொற்கள்’ என்று பொருள்படும் பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த இடத்துக்கு வருவதற்குள் நாற்பது நிமிடத்துக்கு மேல் கடந்திருப்போம். அதுவரை கேட்ட உறுமல்கள் உயிரோடிருக்கும் இருவருடையவை. பிறகு வேறொரு கனமான குரல் வருகிறது. அறிவிப்பு எதுவும் இல்லை, குரலைத் தூக்கிக் காட்டும் எந்த வித்தையும் இல்லை. அவருக்குக் கீழே பழைய நண்பர் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார், அவர் இருந்த இடத்துக்கு வந்தவர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரே அறையில் ஒன்றாக இருந்து இந்தப் பாட்டை வாசித்ததே இல்லை. இருந்தும் பதிவில் மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் நின்றுவிடுகிறது, பாட்டு தொடர்கிறது. இன்னும் அரைமணிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மொத்த ஆல்பத்திலும் தாங்கமுடியாத இடம், குரல் வரும்போது இல்லை. அது போன பிறகு பாட்டு தொடர்ந்தாக வேண்டியிருக்கிறதே, அந்த இடம்தான்.

செத்தவர் குரலை எடுத்து விக்கிறது தப்பில்லையா? அவர் சம்மதிச்சாரா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. குவெரா அந்தக் குரலை இந்தப் பாட்டுக்காகப் பாடவில்லை. இறந்தவரிடம் கேட்கவும் வழியில்லை. பெரிய நட்சத்திரங்கள் மறைந்த பிறகு பெட்டியில் கிடந்த அரைகுறைப் பதிவுகளைத் தோண்டி எடுத்து ஆல்பம் ஆக்குகிறார்கள். அவற்றில் பலவற்றை நான் கேட்பதில்லை.

இங்கே எனக்கு வேறுபாடு தெரியும் இடங்கள் இவை. பெல் விட்சுக்காக அவரே பாடியதைத்தான் பெல் விட்ச் பயன்படுத்துகிறது. அவரோடு சேர்ந்து அந்தக் குழுவை ஆரம்பித்த மனிதர்தான் அதை எங்கே வைப்பது என்று தீர்மானித்தார். முன்பு சொன்னபடி அதைத் தூக்கிக் காட்டவும் இல்லை. 83 நிமிட ஒற்றைப் பாட்டு கல்லாப் பெட்டியை நிரப்ப எடுக்கும் முயற்சியும் கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு நெருடினால் அந்த நெருடலை மதிக்கிறேன்.

முதல் பாதி ஓகே. ரெண்டாவது பாதில ஒண்ணுமே நடக்கலையே?

இரண்டாம் பாதியில் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் விலகிவிடுகிறது. பேஸ் தனியாகச் சுரங்களை உதிர்க்க, உறுமல் இல்லாத ஒரு சாந்தமான குரல் வருகிறது. ஏரியல் ரூயின் என்ற பெயரில் தனியாகப் பாடும் எரிக் மோக்ரிட்ஜ் அவர். பெல் விட்ச் ஆல்பங்களில் பலமுறை விருந்தாளியாக வந்தவர், 2020இல் இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஆல்பமே செய்தார்கள்.

முதல் பாதியில் கனம் நம்மை அழுத்திப் பிடித்திருக்கும். அது விலகியதும் பலருக்குக் கவனம் சிதறுகிறது, அலைபேசிக்குக் கை போகிறது. ஒரு யோசனை: இரண்டாம் பாதியை மட்டும் தனியாக ஓர் இரவில் கேட்டுவிட்டு, வேறொரு நாள் முழுப் பாட்டையும் கேளுங்கள். முதல் பாதியில் அலறலாக வந்த துயரம் இங்கே முணுமுணுப்பாக வருவது அப்போது பிடிபடும்.

இது நம்ம ஒப்பாரி மாதிரிதானே?

இரண்டுக்கும் எந்த வரலாற்றுத் தொடர்பும் இல்லை. பலர் கேட்பதால் சொல்கிறேன்: ஒப்பாரியில் உயிரோடு இருப்பவர் இறந்தவரை உறவுமுறை சொல்லி நேராகக் கூப்பிடுவார், அவர் வாழ்ந்த விதத்தைச் சொல்வார், விட்டுப்போனதற்குச் சண்டையும் போடுவார். தோளோடு தோள் பிடித்த மற்ற பெண்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். ‘மிரர் ரீப்பர்’ இருவர் செய்து, பெரும்பாலும் ஒருவர் தனியாகக் கேட்கும் இசை. அதில் ஓர் இடத்தில் இறந்தவரே குரல் கொடுக்கிறார். பதில் சொல்லக் கூட ஆளில்லை.

ஏற்கெனவே மனசு சரியில்ல. இதைக் கேட்டா இன்னும் மோசமாகிடாதா?

ஆளைப் பொறுத்தது. ஆய்வுகள் சொல்வதில் எனக்கு நம்பகமாகப் பட்ட இரண்டைச் சொல்கிறேன். 2014இல் தருஃபி, கெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 772 பேரிடம் சோக இசையைப் பற்றிக் கேட்டார்கள். அந்த இசை அதிகமாக எழுப்புவது சோகத்தை இல்லை, பழைய நினைவுகளின் ஏக்கத்தை என்று பதில்கள் காட்டின. 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், தீவிர மெட்டல் கேட்கும் வழக்கமுள்ள 39 பேருக்குப் பேட்டி மூலம் கோபமூட்டிவிட்டு, பாதிப் பேரை அவர்கள் விரும்பிய இசையைப் பத்து நிமிடம் கேட்கவிட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் கூடவில்லை, தணிந்தது. உற்சாகமும் கூடியது. ஆனால் அது சிறிய ஆய்வு, அதில் பங்கேற்றவர்கள் இந்த இசையை ஏற்கெனவே நேசிப்பவர்கள், அளந்ததும் கோபத்தை. அதைத் துக்கத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆகவே என் அறிவுரை இது. யாரையாவது இழந்த துக்கம் என்றால் கேட்டுப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் சுற்றிச்சுற்றி வருகிறது என்றால் இந்த ஆல்பத்தை ஒதுக்கி வையுங்கள், முதலில் ஒரு மனிதரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 என்ற எண்களை அழைக்கலாம்.

வீட்ல பேய்ப் பாட்டுன்னு திட்டறாங்க. சாத்தான் வழிபாடா இது?

இல்லை. குழுவின் பெயர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பெல் என்ற குடும்பத்தைத் தொல்லைப்படுத்தியதாகச் சொல்லப்படும் ஒரு பேய்க் கதையிலிருந்து வந்தது. அவ்வளவுதான். வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

எப்படிக் கேக்கணும்? போன் ஸ்பீக்கர் போதாதா?

போதவே போதாது. சாதாரண பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், டெஸ்மண்டின் கருவி அதற்கும் கீழே போகும். அலைபேசி ஸ்பீக்கர் அந்த ஆழத்தை எழுப்பவே எழுப்பாது. உங்களுக்குக் கேட்பது மேலே மிதக்கும் கரகரப்பு மட்டுமே. காதை முழுதாக மூடும் ஹெட்போன் நல்லது. இரு பாகமாக இருக்கும் இடத்தில் வரிசை மாற்றிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் வரும் செயலியில் கேட்காதீர்கள், பாழாகிவிடும்.

2018இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்தில் நடந்த ரோட்பர்ன் விழாவில் இந்தப் பாட்டை முழுதாக மேடையில் வாசித்தார்கள். அவ்வளவு நேரம் வாசிக்கும் இருவருக்கு இருக்கும் பொறுமையில் பாதியாவது நமக்கு வேண்டும்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து எதைக் கேக்கலாம்?

இரண்டாம் கேள்வியில் சொன்ன பின்லாந்துக் குழுக்களில் ஸ்கெப்டிசிசத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் மோர்ன்ஃபுல் காங்கிரிகேஷன். உறுமல் ஒத்துவராதவர்களுக்கு இங்கிலாந்தின் வார்னிங் குழு 2006இல் தந்த ‘வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்’. அதில் குரல் தெளிவாக இருக்கும், மனசு அதே அளவு உடையும். பெல் விட்ச் 2023இல் மறுபடியும் ஒற்றைப் பாட்டாக, ஏறக்குறைய இதே நீளத்தில் ‘தி கிளாண்டெஸ்டின் கேட்’ வெளியிட்டது. அது மூன்று ஆல்பத் தொடரின் முதல் பகுதி.

கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை இல்லையே. இப்படி ஒண்ணை எதுக்குக் கேக்கணும்?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் சொந்தங்கள் ஊருக்குக் கிளம்பின. எல்லோரும் நல்ல மனதோடு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: ஆனது ஆச்சு, இனி ஆக வேண்டியதைப் பாருங்கள். வங்கி, வாரிசுச் சான்றிதழ் என்று ஆக வேண்டியதும் நிறைய இருந்தது. துக்கத்துக்கென்று நேரமே இல்லை. அந்த நாட்களில் இந்த ஆல்பம் எனக்குத் தந்தது 83 நிமிடம். அதற்குள் யாரும் என்னைத் தேறச் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்லும் பாட்டுகள் மீது எனக்கு வெறுப்பில்லை. அவை முன்கூட்டியே முடிவைத் தெரிந்துவைத்திருக்கின்றன. மூன்றாம் நிமிடத்தில் சுருதி மாறி வெளிச்சம் வந்துவிடும். ‘மிரர் ரீப்பர்’ இசைப்பவர்களுக்கே அந்த வெளிச்சம் கிடைத்திருக்கவில்லை. கிடைத்ததாக அவர்கள் நடிக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கதை எதுவும் தெரியாம கேட்டா இவ்வளவு பாதிக்குமா?

இதுதான் எனக்கு வந்ததில் கடினமான கேள்வி. கதை தெரியாத ஒரு நண்பருக்குப் பெயர் கூடச் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். காத்திருப்பும் தேய்ந்துபோகும் சுரங்களும் (பேஸ் பற்றிய கேள்வியில் சொன்னவை) அவரை அப்படியே பிடித்து உட்காரவைத்தன. “யாரோ போயிட்டாங்க, இல்ல?” என்று அவராகவே கேட்டார். குரல் மாறிய இடத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை. வேறொரு ஆள் பாடுகிறார் என்றே நினைத்திருக்கிறார்.

ஆக, இழப்பு இசையிலேயே இருக்கிறது, அதற்குக் கதை தேவையில்லை. அது யாருடைய இழப்பு என்பதைத்தான் கதை சொல்கிறது. குவெரா யார் என்று பிறகு அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த நாற்பதாவது நிமிடத்திலிருந்து மறுபடியும் போடச் சொன்னார்.